சாயம் போனது, உப்பு போகவில்லை

(முதலிபாளையத்தில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வாசகர்களுக்காகச் சில இடங்கள் விரிவாக்கப்பட்டுள்ளன.)

 

2025-ஆம் ஆண்டு இந்த முதலிபாளையத்தில் என்ன நடந்தது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. திருப்பூர் மாநகராட்சியின் குப்பையை லாரி லாரியாகக் கொண்டுவந்து, கல் எடுத்து முடித்த பாறைக்குழியில் கொட்டினார்கள். ஊர்மக்கள் ஜாதி, மதம் பாராமல் திரண்டு எதிர்த்தார்கள். நிலத்தடி நீர் கெட்டுப்போகும், ஈ மொய்க்கும், நாற்றம் தாங்காது என்றார்கள். அத்தனையும் நியாயமான பேச்சு. ஆனால் இங்கே கொட்டாதே என்று நாம் சொன்ன அந்த நிமிடமே இன்னொரு கேள்வி பிறந்துவிட்டது. அப்படியானால் எங்கே கொட்டுவது? இன்னொரு ஊரின் பாறைக்குழியிலா? அந்த ஊர்க்காரனுக்குக் கிணறு இல்லையா? அவன் வீட்டில் குழந்தைகள் இல்லையா? அந்தக் குப்பையைப் பிரித்துப் பார்த்தால் யாருடைய பொருள் இருக்கும் என்பதையும் யோசியுங்கள். உங்கள் கடையின் பாலித்தீன் கவர் இருக்கும், என் வீட்டுச் சோற்றுப் பருக்கை இருக்கும், கம்பெனியின் கட்டிங் வேஸ்ட் இருக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் இந்த இடத்திலிருந்து தொடங்குவோம். காற்று, தண்ணீர், மண் பற்றி அரசு ஒரு கொள்கை வகுக்கும்போது அது ஏன் இவ்வளவு சிக்கலாகிறது? ஒரே உத்தரவில் ஏன் தீர்வதில்லை? இதற்குப் பதில் தேடி டெல்லிக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டியதில்லை. நம் காலடியில் நொய்யல் கிடக்கிறது.

மதரஸாவில் ஃபிக்ஹு பாடம் ஓதியவர்களுக்குத் தெரியும். முதல் பாடம் தொழுகை அல்ல, தண்ணீர்! எந்தத் தண்ணீர் சுத்தமானது, எது சுத்தமில்லாதது என்பதற்கு உலமாக்கள் மூன்று அடையாளங்களைப் பார்க்கச் சொன்னார்கள்: நிறம், சுவை, மணம். திருப்பூரின் முப்பது ஆண்டு வரலாறு இந்த மூன்று சொல்லுக்குள் அடங்கிவிடும். நாம் நிறத்தைப் பார்த்தோம், மணத்தைப் பார்த்தோம். சுவையைப் பார்க்கத் தவறிவிட்டோம்.

எப்படி என்று சொல்கிறேன். பருத்தி நூலில் சாயம் தானாக ஒட்டாது. அதற்கு உப்பு போட வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேல் போக வேண்டியிருக்கும். உப்பு சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளிவிடுகிறது. சாயம் ஒட்டிக்கொள்கிறது, வேலை முடிந்த உப்பு ஒரு கிராம்கூடக் குறையாமல் கழிவு நீரோடு வெளியே வந்துவிடுகிறது. 1990-களில் ஏற்றுமதி பெருகியபோது 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான லிட்டர் நீரை நொய்யலில் விட்டன. ஆறு இன்று சிவப்பு, நாளை நீலம் என்று ஓடியது. வெளிநாட்டில் இந்த ஆண்டு எந்த நிறம் எடுபடுகிறது என்பதை நொய்யலைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று இங்கே கேலியாகப் பேசுவார்கள்.

எதிர்ப்புக் கிளம்பியது. அரசு என்ன செய்தது? பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்ட வைத்தது. சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டு, கிருமிகளை வளர்த்து, நிறத்தைப் போக்கினார்கள், நாற்றத்தைக் குறைத்தார்கள். படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கத் தகுந்த தெளிந்த நீர் வந்தது. ஆனால் உப்பு? நீரில் கரைந்த உப்பைச் சுண்ணாம்பும் எடுக்காது, கிருமியும் தின்னாது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வாரியத்தின் அளவு. அது பலமடங்கு தாண்டிப்போனது. சாயம் போனது, உப்பு போகவில்லை. கண்ணுக்குத் தெரிந்த கேட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத கேட்டை வயலுக்கு அனுப்பிவைத்தோம்.

இதற்கு நடுவே இன்னொரு துறை தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை, 1992-ல். எண்ணம் நல்லதுதான். கீழே உள்ள விவசாயிக்குத் தண்ணீர் கொடுப்பது யாருக்குக் கசக்கும்? ஆனால் மேலே திருப்பூரில் தொழில் துறை பட்டறைகளை வளர்த்துக்கொண்டிருந்தது, கீழே பொதுப்பணித் துறை அணை கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு துறைகளும் ஒன்றோடொன்று பேசினவா? பேசியிருந்தால் அந்த அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறியிருக்குமா? மதகைத் திறந்தால் கரூர் வரை உள்ள விவசாயி, "விஷத்தை விடுகிறாயா?" என்று கேட்டான். மதகை மூடினால் அணையைச் சுற்றியுள்ள விவசாயி, "என் கிணற்றில் ஊறுகிறதே!" என்று அழுதான். திறந்தாலும் பாவம், மூடினாலும் பாவம். அணையில் மீன் செத்து மிதந்தது. தென்னை காய்ந்தது. ஆடு மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுத்தது.

சகோதரர்களே, இழப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. 2004-ல் சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஆணையம் சுமார் 28,500 விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் என்று தீர்ப்பளித்தது. கேட்கும்போது பெரிய தொகையாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள், தலைக்குச் சராசரி ஒன்பதாயிரத்தைத் தொடவில்லை. ஒரு தலைமுறையின் மண்ணுக்கு, கிணற்றுக்கு, அதை நம்பி நின்று போன கல்யாணங்களுக்கு ஒன்பதாயிரம்! கெடுத்தவன் கொடுக்க வேண்டும் என்ற தத்துவம் சரியானது. ஆனால் கெட்டதை ரூபாயில் அளக்கத் தொடங்கினால் அளவுகோலே வெட்கப்படுகிறது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கழிவு நீரே வெளியேறக்கூடாது, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் என்றது நீதிமன்றம். 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக உயரும் அபராதம். பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2009 அக்டோபரில் அங்கும் அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை, மூன்று மாத அவகாசம்தான் கிடைத்தது. அவகாசம் முடிந்தது, ஆறு மாறவில்லை. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் ஒட்டுமொத்தமாக மூடச் சொல்லி உத்தரவிட்டது. மின் இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

அந்த நாட்களில் இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். நிட்டிங் ஓடினால் துணி வரும், துணி வந்தால் சாயத்துக்குப் போக வேண்டும், சாயத்திலிருந்து வந்தால்தான் கட்டிங். நடுக்கண்ணி அறுந்ததும் இரண்டு பக்கமும் நின்றது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தவன் அரை ஷிப்ட் பார்த்தான். சனிக்கிழமை சம்பளத்தை நம்பி மளிகைக் கடையில் கணக்கு வைத்தவன் அந்தத் தெருவில் நடக்கவே கூச்சப்பட்டான். பவர் டேபிள் டெய்லர் எந்த ஆற்றில் எதைக் கொட்டினான்? கைமடிக்கிற பெண் யார் கிணற்றைக் கெடுத்தாள்? தண்டனை யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள்.

"அப்படியானால் நீதிமன்றம் செய்தது தவறு என்கிறீர்களா, ஹஜ்ரத்?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. பதினைந்து ஆண்டு நயமாகச் சொல்லியும் கேட்காதவனிடம் வேறு எந்த மொழியில் பேசுவது? "பிரச்சினை சிக்கலானது, அவசரப்படக்கூடாது" என்று சொல்லியே காலத்தைக் கடத்தினார்கள். சிக்கல் என்ற சொல்லே சிலருக்கு நல்ல குடையாகிவிட்டது, மழை எல்லாம் விவசாயி தலையில்! எனவே நான் சிக்கலைப் பற்றிப் பேசுவது எதையும் செய்யாமல் இருப்பதற்கான சாக்கு அல்ல. மூடியதால்தான் வழி பிறந்தது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூடிய உடனே கேடு எங்கே போனது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

துணி லாரியில் ஏறியது. ஈரோட்டுப் பக்கம் போனது, லூதியானா வரைக்கும் போனது, அகமதாபாத் போனது. ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் காட்டுக்குள் கொட்டகை போட்டு, இரவில் சாயம் போட்டு, விடிவதற்குள் ஓடையில் விட்டவர்களும் உண்டு. நொய்யல் கொஞ்சம் மூச்சு விட்டது, வேறொரு ஓடைக்கு மூச்சு முட்டியது. கழிவைக் குழாய் வழியே கடலுக்கே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற யோசனையும் பேசப்பட்டது. கடலை நம்பிப் பிழைக்கிறானே மீனவன், அவனை யார் கேட்டார்கள்?

ஃபிக்ஹு சட்ட விதிகளில் ஒன்று உண்டு. ஒரு கெடுதியை அதைப் போன்ற இன்னொரு கெடுதியைக் கொண்டு நீக்கக்கூடாது என்பது அதன் கருத்து. ஒருவன் வீட்டுச் சுவரைக் காப்பாற்ற அடுத்த வீட்டுச் சுவரை இடிக்க முடியாது. முஸ்லிம், இந்து என்றில்லை, அறிவுள்ள எவரும் ஏற்கும் விதி இது. சுற்றுச்சூழல் கொள்கை எதையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். இந்த உத்தரவு கெடுதியை நீக்குகிறதா, அல்லது இடம் மாற்றுகிறதா?

கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு வருவோம். ஜீரோ டிஸ்சார்ஜ் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்களே, அதுதான். கழிவு நீரைக் கிருமிகளால் சுத்தம் செய்து, சவ்வு வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். அந்த நீர் மறுபடியும் பட்டறைக்கே போகிறது. மிச்சமிருக்கும் கடும் உப்பு நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி உப்பை எடுக்கிறார்கள். அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. உலகமே வந்து பார்த்துப் போகிறது. ஆனால் கொதிக்க வைக்க எரிபொருள் வேண்டாமா? விறகு டன் கணக்கில் எரிகிறது. பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். ஆற்றுக்குப் போகவிருந்த கேட்டில் ஒரு பங்கு புகையாக மேலே போகிறது. அடியில் தங்கும் சேறும், எதற்கும் உதவாத கலப்பு உப்பும் மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடைந்து கிடக்கின்றன. சேற்றில் ஒரு பகுதி சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது. கலப்பு உப்பை வாங்க ஆள் இல்லை.

சேறுதானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டப்பட்ட இடத்தில், கூலிக்கு வந்த ஏழைகள்!

தோல் என்றதும் நம் சமுதாயத்துக்கு நெருக்கமான விஷயம் வந்துவிட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு... அங்கே தோல் பதனிடுவது பெரும்பாலும் நம்மவர்கள் கையில் இருக்கும் தொழில். அங்குள்ள மதரஸாக்களும் பள்ளிக்கூடங்களும் அந்தத் தொழிலின் பணத்தில் நிமிர்ந்து நின்றவை. அதே பாலாற்றங்கரையில் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியாவுக்கே முன்மாதிரியான தீர்ப்பை வழங்கியது. கெடுத்தவன் ஈடு கொடுக்க வேண்டும், கேடு நிச்சயமாகும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாக நடக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் நம் நாட்டுச் சட்டத்தின் அங்கம் என்று அறிவித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அதைப் பாடமாக வைக்கிறார்கள். ஆனால் பாலாறு? 2025 ஜனவரி 30 அன்று அதே வேலூர்த் தோல் கழிவு விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இழப்பீட்டைக் கொடுத்து முடியுங்கள், கண்காணிக்கக் குழு அமையுங்கள் என்று! இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து!

ஏன்? தீர்ப்பு கூர்மையாக இருந்தது, பின்தொடர்தல் மொட்டையாக இருந்தது. உத்தரவு போட்டவர் மாறிவிட்டார், அதிகாரி மாறிவிட்டார், கழிவின் தன்மை மாறிவிட்டது, தொழில் பலமடங்கு ஆகிவிட்டது. ஒரு கொள்கையைப் போட்டுவிட்டு அது என்ன ஆயிற்று என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்காவிட்டால் அந்தக் கொள்கை வெறும் காகிதம்.

திருப்பூரில் நல்லது நடந்த ஒரு கட்டத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் பாதி சொன்னவன் ஆவேன். 2011-ல் எல்லாம் மூடிக் கிடந்தபோது அருள்புரத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு சோதனை செய்தார்கள். உப்பு நீரை முழுக்க வற்றவைத்து உப்பாக்க வேண்டுமா, சாயம் போடத்தான் உப்பு வேண்டும் என்றால் சுத்தம் செய்த உப்பு நீரையே சாயத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பினால் என்ன? செய்து பார்த்தார்கள், வேலை செய்தது. எரிபொருள் மிச்சம், புது உப்பு வாங்குவதும் குறைந்தது. அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. வட்டியில்லாமல்! நம்மவர்கள் காதில் தேனாக விழும் சொல். ஒவ்வொரு நிலையமாகச் சோதித்து, அளந்து, பிறகே திறக்க அனுமதித்தார்கள். ஓர் இடத்தில் செய்து பார், அளந்து பார், குறையைத் திருத்து, பிறகு அடுத்த இடத்துக்குப் போ. சிக்கலான காரியத்தில் கை வைப்பவனுக்கு இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நூல் சிக்கிக்கொண்டால் நிட்டிங் மெஷின்காரன் என்ன செய்கிறான்? வெடுக்கென்று இழுப்பானா?

இப்போது வணிகப் பெருமக்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். 1920-களில் குலாம் காதர் சாயபு 'பேபி நிட்டிங்' தொடங்கியதிலிருந்துதான் திருப்பூரின் பனியன் கதையைச் சொல்கிறார்கள். காதர்பேட்டை என்ற பெயரை உச்சரிக்கும்போது நமக்கு ஒரு பெருமை. பெருமை இருக்கட்டும். கிலோவுக்கு ஐந்து, பத்து குறைத்துச் சாயம் போட்டுத் தருகிறேன் என்று ஒருவன் வந்தால் நீங்கள் என்ன கேட்கிறீர்கள்? நிறம் நிற்குமா, என்றைக்குத் துணி வரும், இவ்வளவுதான். தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டதுண்டா? சுத்திகரிப்புக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுகிற பட்டறைக்காரனுக்கு அந்த விலை கட்டாது. குறைந்த விலைக்கு எவனால் முடிகிறது என்றால், கட்டணத்தை ஓடையில் செலுத்துகிறவனால்தான்! பழைய ஹிஸ்பா நூல்களில் சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கு வழிகாட்டும்போது சாயக்காரர்களுக்கென்றே தனிப் பாடம் எழுதிவைத்திருக்கிறார்கள். நல்ல சாயம் என்று சொல்லி வெயிலில் வெளுக்கும் மட்டச் சாயம் போடுகிறானா பார் என்று. இன்றைக்கு அந்தப் பாடத்தை எழுதினால் கழிவு நீருக்கும் ஒரு பத்தி சேர்த்திருப்பார்கள்.

ஆனால் உள்ளூர் வியாபாரியை மட்டும் கூண்டில் ஏற்றினால் அதுவும் அநியாயம். ஐரோப்பாவில், அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் வாங்குபவன், சுற்றுச்சூழல் சான்றிதழ் இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை என்கிறான். அதே மூச்சில் சென்ற ஆண்டு விலையிலிருந்து சென்ட் குறைக்கச் சொல்கிறான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது தள்ளுபடி கொடு என்று எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பதை ஏற்றுமதியாளர்களிடமே விசாரியுங்கள். சுத்தமான ஆறு வேண்டும் என்பவன் சுத்தமான ஆற்றின் விலையில் பங்கு தர மாட்டேன் என்கிறான். அந்த விலை மேலிருந்து கீழே உருண்டு உருண்டு, ஏற்றுமதியாளனிடமிருந்து ஜாப் ஒர்க்காரனுக்கு, அவனிடமிருந்து சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து இரவு நேர ஓடைக்கு வந்து சேர்கிறது. எந்தச் சட்டத்தின் செலவு பலவீனமானவன் தலையில் முழுதாக விழுகிறதோ அந்தச் சட்டம் இரவில் மீறப்படும். போலீஸ் போட்டாலும் மீறப்படும். நான் பார்த்தவரையில் திருப்பூரின் தீராத பகுதி இதுதான். மற்றதற்கெல்லாம் இயந்திரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. செல்போனில் வருகிறதை வைத்து, ஒருநாள் "ஆலைகளை இழுத்து மூடு" என்கிறீர்கள், மறுநாள் "தொழிலை நசுக்காதே" என்கிறீர்கள். இரண்டும் அரை மணி நேரக் கோஷங்கள். பாறைக்குழி விவகாரமோ சாயக் கழிவோ எதுவானாலும் பொருளின் பின்னாலேயே நடந்துபோங்கள். தண்ணீரை எடுத்தால் உப்பு எங்கே, உப்பை எடுத்தால் சேறு எங்கே, சேற்றை எடுத்தால் அதன் செலவு யார் மீது, அந்தச் செலவால் வேலை இழப்பவன் யார். இந்தக் கேள்விகளை மனுவாக எழுதிக் கிராம சபையில் கொடுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். விவசாயச் சங்கத்துக்காரர்களோடு உட்காருங்கள். அவர்கள் நம் பகைவர்கள் அல்லர். அவர்கள் வழக்குப் போட்டிருக்காவிட்டால் நாம் குடிக்கும் நிலத்தடி நீர் இதைவிட மோசமாக இருந்திருக்கும்.

கைக்கு அடக்கமான ஒரு கருவி இருக்கிறது, நீரில் கரைந்த உப்பை அளந்து சொல்லும். வாட்டர் பில்டர் விற்கிற கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் தங்கள் வீட்டுப் போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வாருங்கள். பாட்டிலின் மேல் தெருப் பெயரையும் போரின் ஆழத்தையும் எழுதி ஒட்டுங்கள். பாறைக்குழிக்கு அருகில் இருப்பவர்கள் கட்டாயம் கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுவோம், ஆறு மாதம் கழித்து மறுபடியும் அளப்போம். வணிகர்கள் தாங்கள் கடைசியாகச் சாயம் போட்ட பட்டறையின் பில்லையும், அது எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர் என்ற விவரத்தையும் கேட்டு வாங்கி வரவேண்டும். கொடுக்க மறுத்தால் அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.